நேபிள்ஸ் கிறிஸ்துமஸ்: குடிலுக்குள் ஒரு ஊர்

டிசம்பர் மாதம் என்பதால் இந்த எபிசோடில் போர், உடன்படிக்கை, வாரிசுச் சண்டை எதுவும் கிடையாது. ஒரு ஊருக்குப் போய் கிறிஸ்துமஸ் பார்த்துவிட்டு வந்த கதை, அவ்வளவுதான். ஆனா எங்கே ஆரம்பித்தாலும் நடுவில் ஒரு ராஜா வந்து நிற்பார். அதற்கு நான் பொறுப்பில்லை.

ஊர், தெற்கு இத்தாலியில் இருக்கிற நேபிள்ஸ். சில வருஷங்களுக்கு முன்னால் டிசம்பர் 20-ஆம் தேதி அங்கே போய் இறங்கினேன். ஐரோப்பியக் கிறிஸ்துமஸ் என்றதும் பனி, கலைமான், ஊசியிலை மரம் என்று ஒரு படம் மனதில் இருக்கும் இல்லையா, அதில் ஒன்றும் அங்கே இல்லை. சிணுசிணுவென்று மழை. கடைகளில் மலை மலையாக ஆரஞ்சு, எலுமிச்சை. தூரத்தில் வெசூவியஸ் எரிமலை பாதி மேகத்துக்குள். சந்துக்குச் சந்து துணி காய்கிறது, மழையிலும்.

நான் தங்கிய இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பழைய நகரத்தில் தரைத்தளத்தில் ஒரே ஒரு அறை. கதவைத் திறந்தால் நேராகத் தெரு. இந்த மாதிரி வீட்டுக்கு அந்த ஊரில் ‘பாஸ்ஸோ’ என்று பெயர். ஒரு காலத்தில் ஒரு குடும்பம் முழுக்க அந்த ஒரு அறைக்குள் சமைத்து, தூங்கி, தொழில் செய்து, பிள்ளை பெற்று வாழ்ந்திருக்கிறது. 1884-இல் காலரா வந்து நேபிள்ஸில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தபோது, மத்தில்தே செராவோ என்ற பத்திரிகையாளர் இந்தச் சந்துகளைப் பற்றி எழுதிய கட்டுரைகள் இத்தாலியையே உலுக்கின. இப்போது அந்த அறையில் வெள்ளைச் சுண்ணாம்பு, வைஃபை, காபி மெஷின், சாவிக்குப் பதிலாக நம்பர் பூட்டு. என்னை மாதிரி ஆட்களுக்கு நாள் வாடகைக்கு.

மறுநாள் காலையில் எல்லோரும் போகிற இடத்துக்கே நானும் போனேன். சான் கிரெகோரியோ அர்மேனோ தெரு. பழைய கிரேக்க நகரத்தின் இரண்டு நீளமான வீதிகளைக் குறுக்கே இணைக்கிற ஒடுக்கமான தெரு அது. இரண்டு பக்கமும் பொம்மைக் கடைகள், பட்டறைகள். டிசம்பரில் அங்கே நடக்கிறது என்பது நடப்பது இல்லை, கூட்டம் நம்மை எடுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். விற்பது எல்லாமே கிறிஸ்துமஸ் குடிலுக்கான சாமான். இத்தாலிய மொழியில் ‘பிரெசேபே’. லத்தீனில் அதற்கு மாட்டுத் தீவனத் தொட்டி என்று பொருள். குழந்தை இயேசுவைக் கிடத்திய இடம் அதுதானே.

குடில் நமக்குத் தெரியும். மரியாள், சூசை, குழந்தை, மேய்ப்பர்கள், மூன்று ராஜாக்கள், ஒரு மாடு, ஒரு கழுதை. நேபிள்ஸ் குடிலில் இவர்களைத் தேட வேண்டும்! சத்தியமாக. கண்ணுக்கு முதலில் படுவது மீன்காரர். அப்புறம் கசாப்புக்கடை, பீட்சா அடுப்பு, துணி துவைக்கிற பெண், சீட்டாடுகிற கிழவர்கள், கயிற்றில் தொங்குகிற சாசேஜ், ஒயின் கடையில் குடித்துவிட்டுச் சிவந்த முகத்தோடு இருப்பவர், கழுத்தில் கழலை வீங்கிய பிச்சைக்காரர். இத்தனைக்கும் நடுவில் ஒரு இடிந்த கோயில் தூண், அதற்கடியில் சின்னதாக அந்தப் புனிதக் குடும்பம். பெத்லகேம் எங்கேயும் இல்லை. பெத்லகேமில் நடந்தது நேபிள்ஸ் சந்தையில் ஒரு வியாபார நாளில் நடந்தது என்பது போலச் செய்து வைத்திருக்கிறார்கள். கடைகளில் கால்பந்து வீரர் மரடோனாவும் கிடைப்பார், அந்த வருஷம் செய்தியில் அடிபட்ட அரசியல்வாதிகளும் கிடைப்பார்கள். வீட்டுக் குடிலில் அவர்களையும் மேய்ப்பர்களோடு நிறுத்திவிடுவார்களாம்.

இது எப்படி வந்தது என்பதுதான் இன்றைய கதை.

ஆரம்பம் நேபிள்ஸ் இல்லை. 1223-இல் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் கிரெச்சோ என்ற மலைக் கிராமத்தில், வைக்கோல் போட்ட தொட்டி, உயிருள்ள மாடு, கழுதை இவற்றை வைத்து கிறிஸ்துமஸ் இரவு பூசை நடத்தினார். பொம்மை எதுவும் இல்லை. பிறகு கோயில்களில் மரச் சிற்பங்களாக அது நிலைத்தது. 15-ஆம் நூற்றாண்டில் நேபிள்ஸ் கோயில் ஒன்றுக்காகச் செதுக்கிய பெரிய மர உருவங்கள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. கம்பீரமான உருவங்கள், ஆனா அதில் மீன்காரர் கிடையாது.

மீன்காரர் உள்ளே வருவது 18-ஆம் நூற்றாண்டில். இதோ, ராஜா வந்துவிட்டார்.

1734-இல் பூர்போன் வம்சத்துக் கார்லோ நேபிள்ஸைப் பிடிக்கிறார். வயது பதினெட்டு. அவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று வேட்டை, இன்னொன்று குடில் கட்டுவது. ராஜாவே உட்கார்ந்து தக்கையை வெட்டிப் பாறையும் மலையும் செய்வாராம், ராணி மரியா அமாலியாவும் அரண்மனைப் பெண்களும் பொம்மைகளுக்குத் துணி தைப்பார்களாம். ராஜா செய்தால் பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? யார் வீட்டுக் குடில் பெரியது என்று போட்டி. டிசம்பரில் ஒவ்வொரு மாளிகையாகப் போய்ப் பார்ப்பது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

பொம்மை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பது நாற்பது சென்டிமீட்டர் உயரம். தலை சுட்ட களிமண், கண் கண்ணாடி. கை, கால் மரத்தில் செதுக்கியது. உடம்பு மட்டும் இரும்புக் கம்பியில் சணல் நாரைச் சுற்றியது. அதனால் எப்படி வேண்டுமானாலும் வளைத்து நிறுத்தலாம், உட்கார வைக்கலாம், குனிய வைக்கலாம். மேலே நிஜத் துணி, நிஜத் தையல், நிஜப் பொத்தான். தலை செய்பவர் ஒருவர், துணிக்கு ஒருவர், விலங்குகளுக்கு ஒருவர், பழம், காய், பாத்திரம் செய்ய இன்னொருவர். ஜுசெப்பே சம்மார்த்தீனோ இருக்கிறாரே, 1753-இல் பளிங்கிலேயே மெல்லிய துணி போர்த்தியது போலக் கிறிஸ்துவின் உடலைச் செதுக்கினவர், அவரே இந்தப் பொம்மைத் தலைகளும் செய்திருக்கிறார்.

ஊரில் நடந்ததெல்லாம் குடிலுக்குள் போனது. 1738-இல் ஹெர்குலேனியம், 1748-இல் பொம்பெய் என்று எரிமலைச் சாம்பலுக்கடியில் கிடந்த ரோமானிய நகரங்களை இதே ராஜா தோண்ட ஆரம்பித்தார். குடிலில் தொழுவத்தின் இடத்தை ரோமானியத் தூண்கள் பிடித்துக்கொண்டன. 1741-இல் ஒட்டோமான் தூதர் ஒருவர் பெரிய பரிவாரத்தோடு நேபிள்ஸ் வந்தார். தலைப்பாகை, பட்டு அங்கி, வளைந்த வாள். மூன்று ராஜாக்களின் ஊர்வலத்தைப் பாருங்க, அந்தப் பரிவாரத்தின் சாயல் அப்படியே இருக்கும்.

இதையெல்லாம் நான் பார்த்தது சான் மார்த்தீனோ அருங்காட்சியகத்தில். ஊருக்கு மேலே குன்றில் ஒரு பழைய துறவி மடம் அது. மலை ரயிலில் ஏறிப் போகலாம். அங்கே இருப்பதிலேயே பெரியது குச்சினியெல்லோ குடில். பூர்போன் ராஜ்ஜியம் 1860-இல் கரிபால்தி வந்ததோடு முடிந்தது. பிரபுக் குடும்பங்கள் நொடித்துப்போய்ப் பொம்மைகளை விற்றார்கள். மிகேலே குச்சினியெல்லோ என்பவர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, தானே நின்று அமைத்தும் கொடுத்தார். 1879 டிசம்பர் 28-இல் மக்களுக்குத் திறந்தார்கள். குகை மாதிரி ஒரு இருட்டறை. வெளிச்சம் மெதுவாக மாறும். விடியல், பகல், அந்தி, இரவு. ஒவ்வொரு வெளிச்சத்திலும் வேறு வேறு ஆள் கண்ணில் படுகிறார். பகலில் பழக்காரி. இரவில், ஓரத்தில் தூங்குகிற ஒரு பையன்.

அந்தப் பையனுக்குப் பெயர் பெனீனோ. எல்லாக் குடிலிலும் உண்டு. உச்சியில் ஆடுகளோடு தூங்கிக்கொண்டிருப்பான். இந்தக் குடில் முழுவதும் அவன் காண்கிற கனவு, அவனை எழுப்பினால் எல்லாம் மறைந்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒரு மணி நேரம் அந்த இருட்டறையில் நின்றிருப்பேன். அழகு, சந்தேகமே இல்லை. ஆனா ஒரு இடத்தில் கண் திரும்பத் திரும்பப் போய் நின்றது. அந்தப் பிச்சைக்காரர். கிழிசல் துணி. அந்தக் கிழிசலை யாரோ பொறுமையாக உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள். நல்ல துணியை எடுத்து, அளந்து கிழித்து, ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். மாளிகைக்காரர்களுக்குப் பசியும் அழுக்கும் அலங்காரமாக வேண்டியிருந்தது.

அதே காலத்தில் வெளியே என்ன நடந்தது? இங்கே இன்னொருவரைச் சொல்ல வேண்டும். பாதர் ரோக்கோ, தொமினிக்கன் துறவி. கையில் தடியோடு சேரிச் சந்துகளில் சுற்றி, அந்த ஜனங்களின் பேச்சிலேயே பிரசங்கம் செய்தவர். குடில் அரண்மனையோடு நிற்காமல் ஏழை வீடுகளுக்கும் போனதற்கு அவர்தான் காரணம் என்று நேபிள்ஸில் சொல்வார்கள். இன்னொரு கதையும் பிரசித்தம். அப்போது இரவில் தெருக்கள் கும்மிருட்டு. அரசாங்கம் விளக்கு வைத்தால் திருடர்கள் உடைத்துவிடுவார்கள். பாதர் ரோக்கோ தெருமுனைக்குத் தெருமுனை மாதா படம் வைத்து, அதற்கு முன்னால் விளக்கு ஏற்றச் சொன்னார். மாதா முன்னால் எரிகிற விளக்கை எந்தத் திருடன் உடைப்பான்? ஊருக்கு வெளிச்சம் வந்துவிட்டது. என்ன மூளை பாருங்க.

இதே பாதர்தான் ராஜாவிடம் போய், ஏழைகளுக்கு ஒரு பெரிய இல்லம் கட்டுங்கள் என்றார். 1751-இல் வேலை தொடங்கியது. ஆல்பெர்கோ தெய் பொவெரி, ஏழைகள் விடுதி. ராஜ்ஜியம் முழுக்க இருக்கிற 8000 ஏழைகளை வைக்கிற மாதிரித் திட்டம். முழுசாக முடியவே இல்லை. கட்டினவரைக்குமே முகப்பு 354 மீட்டர் நீளம். உள்ளே அனாதைகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார்கள், நல்ல விஷயம்தான். ஆனா ஊர் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘செர்ராலியோ’. விலங்குகளை அடைக்கிற இடத்துக்குச் சொல்கிற வார்த்தை. தெருவில் இருந்த பிச்சைக்காரரைக் கட்டடத்துக்குள்ளே வைத்தார்கள். களிமண் பிச்சைக்காரரை அரண்மனைக்குள்ளே வைத்தார்கள். இரண்டும் ஒரே ராஜா, ஒரே பத்து வருஷத்துக்குள். 1980 நிலநடுக்கத்தில் அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து, உள்ளே இருந்த முதியவர்கள் சிலர் இறந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். எதிரே சதுக்கத்துக்கு ராஜா பெயர்தான். டூரிஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்.

1759-இல் கார்லோ ஸ்பெயின் ராஜாவாகக் கிளம்பிவிட்டார். எட்டு வயது மகனை நேபிள்ஸ் சிம்மாசனத்தில் உட்கார வைத்துவிட்டு, குடில் பழக்கத்தைக் கூடவே மாட்ரிட்டுக்குக் கொண்டுபோனார். ஐந்து வருஷம் கழித்து, 1764-இல், நேபிள்ஸில் கொடிய பஞ்சம். கிராமங்களிலிருந்து வந்தவர்கள் தெருவிலேயே செத்தார்கள், பின்னாலேயே கொள்ளைநோய். குடில் பொம்மைகளின் கூடைகளில் மெழுகுப் பழமும், களிமண் ரொட்டியும், பாலாடைக்கட்டியும், தோரணம் தோரணமாகச் சாசேஜும் தொங்குவதை இந்தத் தகவலோடு சேர்த்துப் பார்க்கணும். ஏழை வீட்டுக் குடிலிலும் அதே சாப்பாடுதான். அங்கே அது அலங்காரம் இல்லை, ஆசை. ஒரே பொம்மை மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் பேசியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, பண்டிகைக்கு வருவோம். டிசம்பர் 23 இரவு போர்த்தா நொலானா மீன் சந்தைக்குப் போகச் சொன்னார்கள். விடிய விடியத் திறந்திருக்கும். 24-ஆம் தேதி கத்தோலிக்க வழக்கப்படி இறைச்சி கிடையாது, அதனால் ஊரே மீன் வாங்க வந்து நிற்கிறது. நீல நிறத் தொட்டிகளில் விலாங்கு மீன் நெளிகிறது. பெரிய பெண் விலாங்கு, ‘கபித்தோனே’. அது இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. ஒன்று தொட்டியை விட்டு ஈரத் தரையில் வழுக்கி ஓட, மீன்காரர் கத்த, பிள்ளைகள் சிரிக்க, நான் பின்னால் குதிக்க, ஒரே ரகளை. ஐரோப்பிய விலாங்கு இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிற இனம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குடிலில் பார்த்த மீன்காரர் இங்கே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறார். அதே கை வீச்சு, அதே திறந்த வாய்.

24-ஆம் தேதி நான் செய்த முட்டாள்தனம், ராத்திரி ஹோட்டலில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. சாயங்காலம் ஊர் மூடிக்கொண்டது. ஒன்றிரண்டு இல்லை, தெருவே. ஏழு மணிக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு என் பாஸ்ஸோ வாசலில் நிற்கிறேன். எதிர் பாஸ்ஸோவில் இருக்கிற அம்மா, எழுபதைத் தாண்டினவர், என்னையும் பிஸ்கட்டையும் பார்த்தார். நேபிள்ஸ் பேச்சில் ஏதோ சத்தம் போட்டார். திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். பேரன் ஆங்கிலத்தில் சொன்னான்: “பாட்டி உள்ளே வரச் சொல்றாங்க. வரலைன்னா கோவிச்சுக்குவாங்க.”

பத்துப் பேர் அந்த ஒரு அறைக்குள். மட்டி போட்ட ஸ்பகெட்டி, பொரித்த உப்புக்கண்ட மீன், காலிஃப்ளவரும் ஆலிவும் ஊறுகாயும் கலந்த ஒரு சாலட், அப்புறம் அந்த விலாங்கு. நன்றாகவே இருந்தது, கொஞ்சம் கொழுப்பு. கடைசியில் ‘ஸ்த்ருஃபோலி’: கோலிக்குண்டு அளவு மாவு உருண்டைகளைப் பொரித்து, தேனில் புரட்டி, மேலே வண்ண மிட்டாய். கையை நிறுத்தவே முடியாது.

மூலையில் குடில். தக்கை, அட்டைப்பெட்டி, பாசி. பொம்மைகள் வேறு வேறு அளவு, வேறு வேறு வருஷம் வாங்கியவை. தொட்டி காலியாக இருந்தது, குழந்தையை நள்ளிரவில்தான் வைப்பார்கள். ராஜாக்கள் ஓரமாக நின்றார்கள், ஜனவரி 6 வரைக்கும் அவர்கள் வழியில்தான். நேபிள்ஸ் நாடகாசிரியர் எதுவார்தோ தெ பிலிப்போ 1931 கிறிஸ்துமஸ் அன்று மேடையேற்றிய ஒரு நாடகம் உண்டு. வீடு உடைந்துகொண்டிருக்கும்போது அப்பா குடில் கட்டிக்கொண்டே இருப்பார், குடில் பிடித்திருக்கிறதா என்று மகனைக் கேட்டுக்கொண்டே இருப்பார், மகன் இல்லை என்பான். அந்த அறையில் அதை நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டதும் தொம்போலா. ஆமாம், நம்ம ஊர் கிளப்களில் ஆடுகிற தம்போலாதான், பெயரே இங்கிருந்து போனதுதான். ராஜா கார்லோ லாட்டரி நடத்த ஆசைப்பட, பாதர் ரோக்கோ எதிர்க்க, கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் லாட்டரி கிடையாது என்று சமாதானம் ஆனதாம். ஜனங்கள் விடுவார்களா, வீட்டுக்குள்ளேயே எண்களைக் கூடையில் போட்டு ஆட ஆரம்பித்தார்களாம். ஆவணம் கேட்காதீங்க, ஊரே நம்புகிற கதை. 1 முதல் 90 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அர்த்தம் உண்டு. 25 கிறிஸ்துமஸ், 48 பேசுகிற பிணம், 90 பயம். எதிர் வீட்டு அம்மா எண்ணைச் சொல்ல மாட்டார், அர்த்தத்தைத்தான் கூவுவார். நான் ஒவ்வொன்றுக்கும் பேரனைப் பார்ப்பேன். எண்ணை மூட ஆரஞ்சுத் தோல் துண்டுகள். 77-க்குப் பெண்களின் கால்கள் என்று அர்த்தம், அது வரும்போதெல்லாம் அறையே கூச்சல் போடும்.

நடுவில் பேச்சு என் அறைக்குத் திரும்பியது. அங்கே முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டேன். கையுறை தைக்கிற ஒரு பெண், அவருக்கு ஐந்து பிள்ளைகள். நேபிள்ஸ் கையுறைக்குப் பேர்போன ஊர். அந்த அம்மாவின் சிநேகிதி. ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்குப் போய்விட்டார். இந்தச் சந்தில் எட்டுக் கதவு, இப்போது வீடாக இருப்பது மூன்று, மிச்சம் எல்லாம் நம்பர் பூட்டு. பெட்டிச் சக்கரத்தின் சத்தத்தை வைத்தே ஆள் எந்தக் கதவுக்குப் போகிறார் என்று தன்னால் சொல்ல முடியும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அவர் வீட்டுச் சொந்தக்காரரும் காலி செய்யச் சொல்லியிருக்கிறார் என்று பேரன் தாழ்ந்த குரலில் சொன்னான். அடுத்த கிறிஸ்துமஸுக்குள். குடிலை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதை அவன் பாட்டிக்கு மொழிபெயர்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைத்தார்கள். வீட்டிலேயே சின்னவள், நான்கு வயது இருக்கும், குழந்தை இயேசுவை இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள். பின்னால் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு. அறை சின்னது என்பதால் ஊர்வலம் கதவைத் திறந்து தெருவுக்குப் போய், என் வாசல் வரைக்கும் வந்து திரும்பியது. தூறல். மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு நானும் வரிசையில் கடைசியாக நடந்தேன். எங்கேயோ பட்டாசு வெடித்தது. குழந்தையைத் தொட்டியில் வைத்தாள், ஒரு மேய்ப்பனைத் தட்டிவிட்டாள், பாட்டி நிமிர்த்தி வைத்தார்.

26-ஆம் தேதி கிளம்பும் முன் சான் கிரெகோரியோ அர்மேனோவுக்கு ஓடிப்போய், தூங்குகிற பெனீனோ ஒன்று வாங்கினேன். கடைக்காரர் பழைய செய்தித்தாளில் நாலு சுற்று சுற்றித்தான் கொடுத்தார். அப்படியும் சென்னையில் பெட்டியைத் திறந்தபோது ஒரு கை தனியாகக் கிடந்தது. ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். இதைப் பதிவு செய்கிற மேஜையில்தான் இருக்கிறான், மைக்குக்குப் பக்கத்தில். இன்னும் தூங்குகிறான்.

அடுத்த எபிசோடில் பொம்பெய், தோண்டின கதை முழுசாக.